இடுப்புக்குழியில் ஒரு கட்டியும் பெருமாளின் நடையும்

சென்ற மாதம் செவிலியர் பயிற்சி மாணவியர் தம் கூட்டமொன்றுக்கு ஓய்வுபெற்ற செவிலியான என்னை அழைத்திருந்தனர். எனக்கு முன்பாகப் பேசிய இளம் மருத்துவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பெண்மணியின் இடுப்புக்குழி. முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டி, கோழிமுட்டையைவிடச் சற்றே பெரிதாக, வெண்மையாய் ஓர் உருண்டை. நோயாளியை எவரும் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அது எந்த நரம்பிலிருந்து கிளைத்தது என்பதைப் படம் சொல்லிவிட்டதாம். மாணவி ஒருத்தி என்னிடம், இந்த ஸ்கேன் எல்லாம் இல்லாத காலத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். பெரும்பாலும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அன்று விரிவாகச் சொல்ல நேரம் வாய்க்காததால் இதை எழுதுகிறேன்.

நரம்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை உண்டு. சிலருக்கு அவ்வுறையில் கட்டி முளைக்கும். அது பெரும்பாலும் புற்றுநோய் அன்று, வேறிடத்துக்குப் பரவாது, மிக மெல்ல வளரும். கழுத்திலோ கையிலோ வந்தால் கண்ணில் பட்டுவிடும். முதுகெலும்பின் அடிப்பகுதிக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் வந்தால் அதற்கு இடமும் தாராளம், மறைவும் தாராளம். தன்னால் தீங்கில்லாத அந்தப் பொருள், தான் இருக்கும் இடத்தால் தீங்கு செய்யும். ஒருபுறம் காலுக்குச் செல்லும் நரம்பு, மறுபுறம் சிறுநீர்ப்பை, அடியில் மெல்லிய சுவருடைய இரத்தக் குழாய்கள். அதை அகற்றச் செல்லும் கையும் இவற்றுக்கிடையேதான் செல்ல வேண்டும்.

என் தந்தையார் பெருமாள் கோயில் நந்தவனத்தில் பூத்தொடுக்கும் கைங்கரியம் செய்தவர். தொடுக்கும்போது அவர் சொல்லும் பாசுரங்களைக் கேட்டுக் கேட்டே எனக்கு அவை மனப்பாடமாயின. சென்னையில் செவிலியர் பயிற்சி முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்து மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் பணியமர்ந்தேன். கருவிகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அறுவைக்கு முன் கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். சுவரிலிருந்த கடிகாரம் அடிக்கடி நின்றுபோகும். ஆகவே ஒரு பதிகம் முழுவதையும் மனத்துக்குள் சொல்லி முடிக்கும்வரை கழுவுவது என் வழக்கமாயிற்று. அவசரப்பட்டு ஒரு பாசுரத்தை விட்டுவிட மனம் இடங்கொடாது; அதனால் கைகளும் நன்கு தூய்மையாயின.

எங்கள் தலைமை அறுவை மருத்துவர் டாக்டர் ஞானமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியின் வயிற்றைத் தொடுமுன் தம் கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். படுக்க வைத்துப் பார்ப்பதற்கு முன் நடக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்ப்பார். அரங்கில் எந்தக் கருவியையும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார். திரும்பாமலேயே உள்ளங்கையை விரித்து நீட்டுவார். எது வேண்டும் என்பதை நாம்தான் அறுவையைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். தவறானதை வைத்தால் கோபிக்க மாட்டார். கை நீட்டியபடியே இருக்கும். அந்தக் கை காத்திருப்பதைப் பார்ப்பதைவிட ஏச்சு வாங்குவது எளிது.

அவரிடம் நான் கண்ட முதல் நரம்புறைக் கட்டி தாமலிலிருந்து வந்த செங்கம்மாளுடையது. சினைப்பைக் கட்டி என்று எண்ணி வயிற்றைத் திறந்தார்கள். சினைப்பைகள் இரண்டும் நலமாக இருந்தன. கட்டி அவற்றுக்கெல்லாம் பின்னால், மலக்குடலுக்கும் பின்னால் இருந்தது. புற்றாக இருக்கக்கூடும் என்று அஞ்சிய டாக்டர், அது முளைத்த நரம்போடு சேர்த்து முழுவதுமாக அறுத்தெடுத்தார். அக்காலத்து நூல்களின்படி அது சரியான செயல். சென்னைக்கு அனுப்பிய கட்டி தீங்கற்றது என்று முடிவு வந்தபோது செங்கம்மாளின் வலது பாதம் தொங்கிப் போயிருந்தது. அதன் பிறகு மருந்துக்காக அவள் வரும்போதெல்லாம் தரையில் அந்தக் கால்விரல்கள் உரசும் ஓசை முன்னதாகவே கேட்கும். டாக்டர் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். அவள் நன்றி சொல்வாள்.

இது நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், உற்சவம் முடிந்த வாரத்தில், ரங்கசாமி என்னும் முதியவர், தம்மினும் இளையவர் ஒருவரை இழுத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். ரங்கசாமி பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் மூத்தவர். இழுத்து வரப்பட்டவர் கோவிந்தன். முசரவாக்கத்தில் பயிர் செய்பவர், முப்பது வயதைக் கடந்தவர், உற்சவ நாட்களில் வாகனத்தைச் சுமக்கும் தண்டின் வலப்புறத்தில் முன்னால் நிற்பவர். என்ன நோய் என்று டாக்டர் கேட்டார்.

ரங்கசாமி சொன்னார்: "எங்க பெருமாளு நொண்டுறாரு டாக்டரய்யா."

உதவி மருத்துவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லி விவரம் கேட்டார்.

எங்கள் ஊரில் பெருமாள் எழுந்தருளும்போது வாகனம் வெறுமனே முன்னகர்வதில்லை. சுமப்பவர்கள் எல்லாரும் ஒரே வேளையில் குதிகாலை உயர்த்தி, ஒரே வேளையில் இறக்கி நடப்பர். அதனால் மேலேயுள்ள திருமேனி அசைந்தசைந்து தானே நடந்து வருவதுபோலத் தோன்றும். ஒருவர் குதிகாலை முழுதாக உயர்த்தாவிட்டால் அந்தப் பக்கம் தாழும். மேலே குடையின் உச்சி அதைப் பன்மடங்காக்கிக் காட்டிவிடும். அவ்வாண்டு உற்சவத்தில் இரண்டடிக்கு ஒருமுறை குடை வலப்பக்கம் சாய்ந்ததை ரங்கசாமி கண்டார். முதலில் தண்டைக் கட்டிய கயிற்றின் மீது ஐயம் கொண்டு அவிழ்த்துக் கட்டினார், சாய்வு நிற்கவில்லை. பிறகு வலப்புறத்து ஆள்களை ஒவ்வொருவராக மாற்றிப் பார்த்தார். கோவிந்தனை வெளியே எடுத்ததும் பெருமாள் நேராக நடந்தார்.

"வைத்தியரு இடுப்பு பிடிப்புன்னு ஒரு வருஷமா எண்ணெ தடவிக்கினு இருக்காரு. இவன் வாயே தெறக்கமாட்றான். வீட்ல எரும மாடு மாதிரி படுத்துக்கினா எனக்கென்னா? சாமி தாங்குற காலாச்சே," என்றார் ரங்கசாமி.

கோவிந்தன் தமக்கு ஒன்றுமில்லை என்றும், தண்டு சுமப்பவனுக்குக் கால் வலிக்காமல் கண்ணா வலிக்கும் என்றும் சொன்னார்.

டாக்டர் அவரைத் தாழ்வாரத்தில் நடக்கச் செய்தார். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு இடக்காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார், எளிதாக உயர்த்தினார். வலக்காலில் நின்றபோது குதிகால் பாதி எழுந்து நடுங்கி இறங்கியது. குதிகாலின் தசைநாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ள வேண்டும், வலப்பக்கம் துள்ளவில்லை. முதுகெலும்பின் இடைத்தட்டு விலகினாலும் இவ்வளவும் வரும் என்று உதவி மருத்துவர் சொன்னார். வரும் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டு, திரைக்குப் பின்னே கோவிந்தனைப் படுக்க வைத்து, மலக்குடல் வழியே விரல் வைத்துப் பார்த்தார். வெளியில் நின்ற எங்களுக்கு முதலில் ஓசை ஏதும் கேட்கவில்லை. பிறகு கோவிந்தன் உரக்கக் கத்தினார்.

"எங்க வலிக்கு?" என்று டாக்டர் கேட்பது கேட்டது.

"நீங்க அங்க அமுக்குனா உள்ளங்கால்ல மின்னல் பாயுதுங்களே."

டாக்டர் கைகழுவும்போது எங்களிடம் சொன்னார். மலக்குடலின் பின்புறம் வழவழப்பான, கெட்டியான, அசையாத உருண்டை. மலக்குடலின் சவ்வு அதன் மேல் தடையின்றி நழுவுகிறது. ஆகவே அது குடலில் முளைத்ததன்று. அழுத்தினால் உள்ளங்காலில் பாய்வதால் அது நரம்பில் முளைத்தது. இதைச் சொல்லிவிட்டு, செங்கம்மாளுக்கும் அன்றே விரல் வைத்து இப்படி அழுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று தமக்குத் தாமே சொல்வதுபோலச் சொன்னார்.

கோவிந்தன் வார்டில் சேர்ந்த பிறகு அவர் மனைவி அலமேலு என்னைத் தனியே அழைத்துச் சென்றாள். பெருமாளைத் தோளில் ஏற்றிய பின் எக்காரணத்துக்காகவும் தண்டை விட்டு விலகக் கூடாது என்பது சுமப்பவர்களின் கட்டுப்பாடு. அதனால் உற்சவ நாட்களில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள்.

"திருநா இல்லாத நாள்லயும் தண்ணி குடிக்கமாட்றாரும்மா. கேட்டா பழகிப்போச்சுன்றாரு. பின்பக்கம் போனா எவ்ளோ நேரம் நிக்கிறாரு தெரியுமா? வெளியில சொன்னா தண்டுலேர்ந்து எடுத்துடுவாங்கன்னு என் வாயையும் கட்டி வெச்சிருக்காரு."

சிறுநீர் எளிதில் இறங்காததை அவர் நோய் என்றே எண்ணவில்லை. பல்லாண்டு அடக்கிப் பழகியதன் பயன் என்று, சற்றுப் பெருமையாகவும், நினைத்திருந்தார். நான் டாக்டரிடம் சொன்னதும் அவர் கட்டிலருகே சென்று, நீங்கள் அடக்குவதால் வரவில்லையா, அல்லது வர மறுப்பதால் அடக்குகிறேன் என்று சொல்லிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கோவிந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டி சிறுநீர்ப்பையையும் நெருக்கத் தொடங்கிவிட்டது என்பது உறுதியாயிற்று. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் அடியில் நரம்பு வெளிவரும் துளைகளுள் வலப்புறத்து முதல் துளை மட்டும் அகன்று, ஓரம் தேய்ந்து மழமழப்பாகத் தெரிந்தது. புற்று என்றால் எலும்பை அரித்துக் கரடாக்கும்; பல்லாண்டு பொறுமையாய் வளர்ந்ததுதான் இப்படி வழவழப்பாய்த் தேய்க்கும் என்றார் டாக்டர். ஆயினும் உறுதி இல்லை. வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி எவராலும் உறுதி சொல்ல இயலாது. அரங்கிலேயே பார்க்கும் வசதி அன்று எங்களுக்குக் கிடையாது.

சென்னைக்கு அனுப்பிவைப்பதாக டாக்டர் சொன்னார். கோவிந்தன் மறுத்தார். பின்னர் டாக்டர் அவரிடம் மனைவியையும் ரங்கசாமியையும் வைத்துக்கொண்டு பேசினார். நான் உடனிருந்தேன். நரம்போடு முழுவதும் எடுத்தால் கட்டி திரும்ப வராது. ஆனால் குதிகால் எழாது, தண்டு சுமக்க முடியாது. உறையைக் கீறி உள்ளிருப்பதை மட்டும் தோண்டியெடுத்தால் நரம்பு பிழைக்கக்கூடும். ஆனால் கட்டி மறுபடி வளரலாம், அது புற்றாக இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார்.

கோவிந்தன் சொன்னார்: "கட்டி திரும்பி வந்தா நானும் திரும்பி வர்றேங்க. காலு போனா திரும்பி வராதில்ல?"

அலமேலு அழுதாள். தண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆள் இருந்தால் போதும் என்றாள். ரங்கசாமிகூட அவள் சொல்வதுதான் நியாயம் என்றார். கோவிந்தன் அவளைப் பார்த்து, "ஆளு இருந்து என்னாடி பண்றது, வெளியில நின்னு சேவிக்கிறதா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. டாக்டர் தம் முடிவை அவர்களிடம் சொல்லவில்லை. உள்ளே பார்த்த பிறகுதான் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

இரத்தம் வேண்டியிருந்தது. அந்நாளில் இரத்தம் கொடுக்க மக்கள் மிகவும் அஞ்சுவார்கள்; பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவே தயங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். ஸ்ரீபாதந்தாங்கிகளோ தண்டில் நிற்கும் வரிசையிலேயே வந்து நின்றார்கள். ஒருவர் தோள் தளர்ந்தால் மற்றொருவர் உடனே நுழைய வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ரங்கசாமியின் இரத்தம் ஏறினால் கோவிந்தன் இனி எல்லாரையும் அதட்டுவான் என்று ஒருவர் சொல்ல, உன் இரத்தம் ஏறினால் தூங்கிக்கொண்டே சுமப்பான் என்று ரங்கசாமி திருப்பிக் கொடுத்தார். சோதித்ததில் மூவருடையது பொருந்தியது, ரங்கசாமியுடையது பொருந்தவில்லை. அவரால் அதை ஏற்கவே முடியவில்லை. "இத்தினி வருஷமா ஒரே தண்டுல தோளு குடுத்துக்கினு வர்றோம். ரத்தம் மட்டும் சேராதாம்மா?" என்று என்னிடம் இருமுறை கேட்டார். இன்னொரு முறை சோதித்துப் பார்க்கும்படியும் வற்புறுத்தினார்.

அறுவை காலையில் தொடங்கியது. கொப்பூழுக்குக் கீழே நேராகத் திறந்து, குடலை ஈரத்துணியில் பொதிந்து மேலே ஒதுக்கினார்கள். டாக்டர் முதலில் சிறுநீர்க்குழாயைத் தேடி, அது புழுப்போல் நெளிவதைக் கண்டு உறுதி செய்துகொண்டு, அதன் மேல் ஒரு நாடாவைச் சுற்றி அப்பால் ஒதுக்கினார். பின்புறத்துச் சவ்வைக் கீறி மலக்குடலை முன்னே தள்ளியதும் கட்டி தெரிந்தது. மாம்பழ அளவு, வெளிர் மஞ்சள், பளபளப்பான மேற்பரப்பு. உதவி மருத்துவர், சுற்றிலும் ஒட்டாமல் தனித்து இருக்கிறதே, முழுதாக எடுத்துவிடலாமே என்றார். டாக்டர் விளக்கை இன்னும் அருகே இழுக்கச் சொன்னார். அப்போது நானும் கண்டேன். கட்டியின் மேல் வெண்மையான மெல்லிய இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, மேலிருந்து கீழாகப் படர்ந்து சென்றன. காலுக்குச் செல்லும் நரம்பு அறுந்துபோகவில்லை. கட்டி வளர வளர நரம்பு தன் இழைகளைப் பிரித்துக்கொண்டு அதற்கு இடம் கொடுத்திருந்தது. செங்கம்மாளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அன்று இவ்வளவு அருகில் விளக்கை வைத்து எவரும் பார்க்கவில்லை.

டாக்டர் கை நீட்டினார். நான் சிறிய கத்தியை வைத்தேன். இழைகள் இல்லாத இடத்தைத் தேடி, அவை செல்லும் திசையிலேயே நீளவாக்கில் கீறினார். உறை பிளந்தது. உள்ளே மெத்தென்ற மஞ்சள் நிறப் பொருள், இடையிடையே கூழ்போல் இளகி. சுண்டுவிரலை உள்ளே விட்டு, உறையின் உட்சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பெரும்பகுதி முழுதாகவே வெளிவந்தது. எலும்புத் துளைக்குள் நுழைந்திருந்த வாலைப் பற்றி இழுத்தபோதுதான் இரத்தம் பொங்கியது. கண நேரத்தில் குழி நிரம்பிவிட்டது. அவ்விடத்து இரத்தக் குழாய்களைக் கவ்வியால் பிடிக்கப் போனால் மேலும் கிழியும். நரம்பையும் சேர்த்துப் பிடித்துவிடவும் கூடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை நான் கொடுக்க, அதை உள்ளே திணித்து இரு விரல்களால் அழுத்திக்கொண்டு நின்றார். பாட்டிலில் கோவிந்தனின் தோழர் ஒருவரது இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் நாடித்துடிப்பு விரைவதாகச் சொன்னார். முகமூடிக்குள் என் உதடுகள் தாமாகவே பதிகத்தை முணுமுணுத்தன.

டாக்டர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "சிஸ்டர், அதைச் சத்தமா சொல்லுங்க. கையை எடுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. நீங்க முடிக்கிற வரை எடுக்க மாட்டேன்."

நான் சொன்னேன். கைகழுவும் வேகத்திலேயே, ஒரு சொல்லும் விடாமல், பதிகம் முழுவதையும் சொன்னேன். இடையில் ஒருமுறை அவர் விரல் தளர்ந்ததைக் கண்டு சற்று உரக்கச் சொன்னேன். விரல் மறுபடி அழுந்தியது. முடிந்ததும் துணியை மெல்ல விலக்கினார். கசிவு மட்டுமே இருந்தது. எஞ்சிய வாலைத் துண்டுதுண்டாகச் சுரண்டியெடுத்து, உறையை அப்படியே விட்டுவிட்டு, வயிற்றை மூடினார். கையுறையைக் கழற்றும்போது, அது நல்ல நீளமான பாட்டு என்றார்.

கட்டி சென்னைக்குச் சென்றது. முடிவு வரும்வரை டாக்டர் வழக்கம்போலவே நடந்துகொண்டார். ஆனால் ஒவ்வொரு காலையும் முதலில் கோவிந்தனின் கட்டிலுக்கே வந்தார். மயக்கம் தெளிந்த முதல் நாளே கோவிந்தன் போர்வைக்கு வெளியே வலப்பாதத்தை நீட்டி அசைத்துக் காட்டினார். சிறுநீர் தடையின்றி இறங்கியது. ஆனால் டாக்டர் ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே வந்தபோது, வலது குதிகாலிலும் உள்ளங்காலின் வெளிப்புறத்திலும் ஊசி பட்டதே கோவிந்தனுக்குத் தெரியவில்லை. எடுத்தவற்றோடு சில இழைகள் சென்றுவிட்டன. அந்த உணர்ச்சி இனித் திரும்பாது என்றார் டாக்டர். தீங்கற்ற கட்டி என்ற முடிவு வந்த அன்று அலமேலு வார்டில் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தாள். கோவிந்தன் அதைக் கேட்டும் கேளாதவர்போலக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்திப் பழகிக்கொண்டிருந்தார்.

அடுத்த உற்சவத்துக்குள் குதிகால் முழுதாக எழுந்துவிட்டது. ஆனாலும் ரங்கசாமி எளிதில் இணங்கவில்லை; வெறும் வாகனத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிப் பலமுறை சுமக்கச் செய்து, குடையைக் கட்டிப் பார்த்த பிறகே முன்னிடத்தைக் கொடுத்தார். பெருமாள் எங்கள் தெரு வழியே எழுந்தருளியபோது உச்சி வெயில். டாக்டர் மருத்துவமனை வாயிலுக்கு வந்து நின்றார். நாங்கள் கைகூப்பிச் சேவித்தோம். அவர் குடையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாகனம் கடந்து தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, "நேராத்தான் போகுது" என்று சொல்லி உள்ளே சென்றார்.

மறுநாள் கோவிந்தன் புண் கட்டும் அறைக்கு வந்தார். வலது உள்ளங்காலின் வெளிப்புறம் முழுவதும் வெந்து கொப்பளித்திருந்தது. தார் ரோட்டின் சூடு அந்தக் காலுக்குத் தெரியவில்லை. கோபத்தோடு அவரைக் கடிந்துகொண்டேன்.

"எல்லாரும் காலு சுட்டு தவிச்சிக்கினு வந்தாங்கம்மா. எனக்கு பாதி தவிப்புதான். ரங்கசாமி மாமாவுக்கு அதுல பொறாம," என்றார்.

செருப்பு அணிந்து சுமக்க முடியாது. அதை நானும் கேட்கவில்லை. ஆகவே அவர் தண்டில் நின்ற ஆண்டுகள் எல்லாம், நான் ஓய்வு பெறும்வரை, உற்சவத்தின் மறுநாள் அவர் வருவதும் நான் கட்டுவதும் வழக்கமாயிற்று. கட்டி திரும்ப வரவில்லை. புண் மட்டும் தவறாமல் வந்தது. அன்று முதன்முறை நான் கீழே அமர்ந்து, தட்டில் ஆறிய வெந்நீர் ஊற்றி, அவர் காலைப் பற்றியபோது அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. காலப் போயி தொடுறீங்களே."

"நான் தொடறதுதான் உங்களுக்குத் தெரியவே தெரியாதே. அப்புறம் என்ன கூச்சம்?"

"தெரியலதான். பாத்துக்கினு இருக்கேனே."

பிறகு காலைத் தாமே தட்டில் வைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டார். நான் கழுவத் தொடங்கினேன்.